உன் ஸ்விட்ச் திறந்துதான் இருந்தது

மாதேசு,

சுகமா என்று கேட்கிற உரிமை எனக்கில்லை என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள், நானும் கேட்கப்போவதில்லை. இந்த உறைக்குள் ஒரு ஹால் டிக்கெட் இருக்கிறது. கடிதத்தைக் கிழிப்பதென்றால் அதை எடுத்து வைத்துவிட்டுக் கிழி. டெலிபோன் டெக்னீசியன் தேர்வு, சேலத்தில், வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. விண்ணப்பம் போட்டது நான். உன் பழைய போட்டோவை ஒட்டி, உன் கையெழுத்தையும் நானே போட்டேன். தப்புதான். வயது வரம்புப்படி உனக்கு இதுதான் கடைசி முறை, அதனால் தப்பு சரி பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

நாம் பேசி மூன்று வருடம் ஆகிறது. நீ ஓசூரில் ஏதோ ஒரு பட்டறையில் இரும்பு தேய்க்கிறாய். வீட்டுக்குள்ளேயே ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கட்டியவன் இரும்பு தேய்க்கிறாய். கம்பிப் பக்கமே இனிக் கை வைக்க மாட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். ஏன் என்று எனக்குத் தெரியும். உன் கவனக்குறைவால் உன் சித்தப்பன் சின்னச்சாமி முடமாகிவிட்டான் என்று நம்புகிறாய். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முழுதும் படி. நடுவில் ஆத்திரம் வந்தால் எழுந்து நடந்துவிட்டு வந்து மீதியைப் படி.

என் கை எப்படிப்பட்ட கை என்று முதலில் எழுதிவிடுகிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் நான் டெலிபோன் லைன் போடும் கூட்டத்தில் கூலி. தொப்பூர் கணவாயில் பாறையைக் குடைந்து கம்பத்துக்குக் குழி தோண்டினேன். பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். மற்றவர்கள் பீடி பிடிக்கும் நேரத்தில் நான் எழுத்துக்கூட்டி, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் வரைந்து வரைந்து கற்றுக்கொண்டேன். ஒருநாள் மூன்று பேர் தேடிக் கிடைக்காத பழுதை நான் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசருக்கு அது பொறுக்கவில்லை. "குழி வெட்றவனுக்குப் படம் எதுக்குடா?" என்று என் நோட்டைப் பிடுங்கிக் கொதித்துக்கொண்டிருந்த தார் டின்னுக்குள் போட்டான். கடப்பாரையின் பின்பக்கத்தால் அவன் முழங்காலில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அன்றோடு வேலை போயிற்று. அதற்காக இன்றுவரை ஒருநாளும் நான் வருந்தியதில்லை, இனியும் வருந்தமாட்டேன்.

அதனால்தான் நீ இந்தத் தேர்வு எழுதப்போகிறேன் என்றபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. கைவேலைத் தேர்வில்தான் ஆளைக் கழிப்பார்கள் என்றாய். நீ படித்த இடத்தில் முப்பது பேருக்கு ஒரே ஒரு கருவி, தொட்டுப் பார்க்கவே முறை வராது என்றாய். "வூட்டுலயே ஒரு எக்ஸ்சேஞ்ச் கட்டிக்கிறேன்ப்பா" என்றாய். நான் சிரித்தேன். நீ தர்மபுரி போய்ப் பழைய இரும்புக் கடை பாயைப் பிடித்தாய். மூடிப்போன ஒரு கல்குவாரியிலிருந்து ஏலத்தில் எடுத்த டெலிபோன்கள் அவரிடம் குவியலாகக் கிடந்தன, கைப்பிடியைச் சுற்றினால் மணி அடிக்கிற பழைய ரகம். பித்தளைக்காகவும் செம்புக்காகவும் உடைக்க வைத்திருந்தார். "எடைக்கே போடுங்க பாய், ஆனா ஒடைக்காமப் போடுங்க" என்று நீ கேட்டதும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒடைச்ச போனுக்குத்தான் தம்பி ஆளு வருவாங்க. முழு போனு கேக்குற மொத ஆளு நீதான். கல்யாணத்துக்கு முன்னாடியே மண்டை கெட்டுப்போச்சா?" என்றவர், பத்து லைன் உள்ள சின்ன எக்ஸ்சேஞ்ச் பலகை ஒன்றையும் தூக்கி மூட்டைமேல் வைத்தார்.

மீதியை நீ எப்படிச் சேர்த்தாய் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பேட்டரி வாங்க வழியில்லை. செத்துப்போன டார்ச் கட்டைகளை உடைத்துக் கரிக்குச்சியையும் துத்தநாகத் தகட்டையும் எடுத்தாய். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் நவச்சாரம் வாங்கிவந்து கரைத்து, உன் அம்மாவின் ஊறுகாய்ப் பாட்டில்களில் ஊற்றி, நீயே பேட்டரி செய்தாய். கம்பி மரத்தில் படாமலிருக்க, சோடா பாட்டிலின் கழுத்தை அறுத்துக் கம்பத்தில் மாட்டினாய். வீடு கட்டும் கட்டுக்கம்பியை இரண்டு வரிசையாக இழுத்து, வீட்டிலிருந்து நம் பொதுக் கிணற்று மோட்டார் கொட்டாய் வரைக்கும் ஒரு லைன் போட்டாய். பித்தளைக் கீல் ஒன்றைக் கழற்றி, லைனைச் சேர்க்கவும் பிரிக்கவும் ஸ்விட்ச் செய்தாய். திறந்து வைத்தால் வீட்டுப் பலகைக்கும் லைனுக்கும் தொடர்பில்லை. "ஸ்விட்சைத் திற. பிறகு தொடு" என்று சுவரில் கரியால் எழுதினாய். கைப்பிடி சுற்றும்போது வருகிற மின்சாரம் ஆளைக் கொல்லாது, ஆனால் வெறுங்கையால் கம்பியைப் பிடித்திருப்பவனை உதறிவிடும் என்று நீதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாய்.

எழுதப் படிக்கத் தெரியாத உன் அம்மாதான் உனக்குப் பரீட்சை வைத்தாள். காட்டுக்குப் போகும் வழியில் லைனில் எங்காவது ஒரு பழுதை வைத்துவிட்டுப் போவாள். "டேய், இன்னிக்கி ஒண்ணு வெச்சிருக்கேன். கண்டுபுடி, இல்லன்னா களி கெடையாது" என்பாள். நீ பலகை முன்னால் உட்கார்ந்து, அறுந்திருக்கிறதா, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா, மண்ணில் இறங்குகிறதா என்று முதலில் சொல்வாய். பிறகு கம்பம் கம்பமாகப் பிரித்து இடத்தைப் பிடிப்பாய். "ஈரத்துணிய ரெண்டுக்கும் சேத்து சுத்துனேன், அதையும் கண்டுட்டாம் பாரு" என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். ஒருநாள் நாலு பேர் முன்னால் நான் ஒரு இணைப்பைக் காட்டி விளக்கினேன். "அப்பா, அது அப்படியில்ல" என்றாய். நீ சொன்னதுதான் சரி. சரி என்று தெரிந்ததால்தான் கையிலிருந்த கம்பியாலேயே உன் தோளில் அடித்தேன். தோல் கிழிந்து சட்டையில் ஒட்டியது. அதற்கு நான் வருந்துகிறேன். சூப்பர்வைசரின் முழங்காலும் உன் தோளும் எனக்கு ஒன்றல்ல.

சின்னச்சாமியும் நானும் அடித்துக்கொள்வது உனக்குப் புதிதில்லை. எங்கள் அப்பன் எங்களை மாடு ஓட்டும் தார்க்குச்சியால் அடித்தான், நாங்கள் கையில் கிடைத்ததால் ஒருவரையொருவர் அடித்தோம். பாகம் பிரித்தபோது கிணறு மட்டும் பொதுவானது, ஒரு நாள் அவன் முறை, ஒரு நாள் என் முறை. உன் லைன் அவன் வரப்பு வழியாகப் போனது. முதல் வாரமே கொடுவாளால் வெட்டிப் போட்டான். "யாரக் கேட்டு என் வரப்பு மேல கம்பி இழுத்த? பன்னிக்கு வெக்கிற மாதிரி எனக்குக் கரண்டு வெக்கிறியா?" என்றான். மண்வெட்டிக் காம்பால் அவன் மண்டையில் போட்டேன். அவன் பாய்ந்து என் இடது காதைக் கடித்துப் பிய்த்தான். ஊரே கூடிப் பிரித்தது. மறுநாள் நீ என்னிடம் சொல்லாமல் அவன் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்திருக்கிறாய். "உனக்காகன்னா வுடறேன்டா. உங்கப்பனுக்காக இல்ல" என்று சொல்லி, வெட்டிய கம்பியை அவனே பிடிக்க, நீ முறுக்கிச் சேர்த்தாயாம். அதைக் கேள்விப்பட்டு இரண்டு நாள் நான் சோறு தின்னவில்லை.

இனி அந்தக் காலை. எண்பத்து மூன்று கோடை, கிணற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அன்று அவன் முறை. என் கத்திரி நாற்று கருகிக்கொண்டிருந்தது. விடிந்ததும் போய் மோட்டாரைப் போட்டேன். அது அவன் தண்ணீர். நான் திருடினேன். அவன் வந்தான். முதலில் மரியாதையாகத்தான் கேட்டான்.

"ண்ணா, இன்னிக்கி என் மொறை. நிறுத்துண்ணா."

"முடியாது போடா."

"எம் புள்ளைங்க மாதிரி வளத்த தக்காளி காயுது. நிறுத்து."

"காயட்டும்."

"நிறுத்த மாட்ட? சரி. உம் மவன் கம்பி எப்படி நிக்கிதுன்னு பாக்கறேன்" என்று கிணற்று விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லின்மேல் ஏறினான். கொட்டாய்க்கு வரும் கம்பி அந்த மூலையைத் தாண்டித்தான் வருகிறது. கையில் கொடுவாள் இல்லை. வெறுங்கையால் இரண்டு கம்பிகளையும் எட்டிப் பிடித்து இழுத்தான். கொட்டாய்க்குள் நான் நின்ற இடத்தில், என் இடுப்பு உயரத்தில், சுவரில் உன் டெலிபோன். கதவு திறந்திருந்தது. கோபத்தில் கை பட்டுவிட்டது என்று எழுதலாம். அது பொய். அவன் எந்தக் கல்லில் நிற்கிறான், அவனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியைப் பிடித்தேன். நாலு சுற்றுச் சுற்றினேன். அவன் கைகள் வெடுக்கென்று விரிந்தன. "ண்ணோ" என்று ஒரு கத்தல். படிக்கல்லில் ஒரு முறை, அடியில் ஒரு முறை, இரண்டு சத்தம் கேட்டது.

கயிறு எடுக்க வீட்டுக்கு ஓடினேன். அலறல் கேட்டு நீ கிணற்றுக்கு ஓடி வந்தாய். வரப்பில் நாம் எதிரெதிரே கடந்தோம், உனக்கு நினைவிருக்கும். வீட்டில் யாரும் இல்லை. கயிறு உன் பலகைக்கு மேலே ஆணியில் தொங்கியது. எடுக்கும்போது பார்த்தேன். உன் ஸ்விட்ச் திறந்திருந்தது. நன்றாக, விரலகலம், திறந்திருந்தது. தினமும் காலையில் செய்வது போல, லைனைப் பிரித்து வைத்துவிட்டுப் பலகையை மட்டும் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறாய். நீ சுற்றிய மின்சாரம் அந்தச் சுவரைத் தாண்டவே இல்லை. என் தம்பி கிணற்றுக்குள் கத்திக்கொண்டிருந்தான். நான் அங்கே நின்று கணக்குப் போட்டேன். அண்ணன் தம்பியைத் தள்ளினான் என்றால் ஜெயில். படிக்கிற பையன் மறந்துவிட்டான் என்றால் விபத்து. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அதே கையால் உன் ஸ்விட்சை மூடினேன்.

மாதேசு, இந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். மூடியது நான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அவனைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து மேலே தூக்கினோம். இடுப்பு நொறுங்கியிருந்தது, வலது கால் அன்றோடு செத்தது. நீ வீட்டுக்கு ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தாய். மூடியிருந்த ஸ்விட்சைப் பார்த்தாய். போலீஸ் வந்ததும், "நாந்தாங்க. சுவிட்ச தெறக்க மறந்துட்டேங்க" என்றாய். அந்த ஆள் உன்னை அறைந்தான். உன் உதடு கிழிந்து ரத்தம் கழுத்துவரை வழிந்தது. நான் மூன்றடி தள்ளி நின்றேன். கேஸ் வேண்டாம் என்று சின்னச்சாமி சொன்னதால் ஊர்ப் பஞ்சாயத்தில் முடிந்தது. அங்கே எல்லார் முன்னாலும் நான் சம்மட்டியை எடுத்து உன் பலகையை, டெலிபோன்களை, பாட்டில்களை எல்லாம் உடைத்தேன். மகன்மேல் அப்பனுக்கு அத்தனை கோபம் என்று ஊர் நினைத்தது. நீயும் அப்படித்தான் நினைத்தாய். யாரும் சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சக்கூடாது என்றுதான் உடைத்தேன். கண்ணாடியும் நவச்சாரத் தண்ணீரும் தெறித்து உன் காலில் பட்டும் நீ நகரவில்லை.

நான் சொல்வதை நம்பாதே. நான் பொய் சொன்னவன். நீ பழுது தேடுவது போலத் தேடிப்பார். அலறல் கேட்கும்வரை நீ பலகையில் சுற்றிக்கொண்டுதான் இருந்தாய் என்று நீயே சொன்னாய். உன் ஸ்விட்ச் மூடியிருந்தால் கொட்டாயில் மணி அடித்திருக்கும். அவன் அந்த மணிக்கு எட்டடி தூரத்தில் நின்றான். மணி அடித்ததா என்று அவனையே கேள். இதை நீ அன்றே கேட்டிருக்க வேண்டும். ஈரத்துணியை விடாமல் கண்டுபிடித்தவன், உன் தலையில் விழுந்த பழுதை மட்டும் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டாய். நீ செய்த தப்பு அது ஒன்றுதான். இனி எவன் வந்து இது உன்னால்தான் என்றாலும், அவன் உன் அப்பனாகவே இருந்தாலும், சோதித்துப் பார்க்காமல் தலையாட்டாதே.

மூன்று வருடமாக மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நீ ஓசூர் பஸ்ஸில் வந்து இறங்குவதை நான் பார்க்கிறேன். என் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறாய். அவனைத் தூக்கிக் குளிப்பாட்டி, முகம் வழித்து, நகம் வெட்டி, அந்தச் செத்த காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் போகிறாய். ஹால் டிக்கெட் வந்ததும் தேதியைப் பார்த்தேன். அதே ஞாயிற்றுக்கிழமை. இரண்டில் நீ எதற்குப் போவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் போன வாரம் நானே அவன் வீட்டுக்குப் போனேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

"சின்னா, அன்னிக்கி சுத்துனது நாந்தான்" என்றேன்.

"தெரியும்" என்றான். மெல்லுவதை நிறுத்தவில்லை. "கதவு தெறந்துதான இருந்துச்சி. உன் கை சுத்துறதப் பாத்துக்கிட்டேதான வுழுந்தேன்."

"அப்புறம் ஏன்டா இத்தன நாளு சொல்லல?"

"சொன்னா நீ ஜெயிலுக்குப் போவ. போயி எனக்கின்னா? நான் பெத்ததுங்க ரெண்டும் திருப்பூர்ல கெடக்குதுங்க, எட்டிப் பாக்கல. உம் மவன் வந்து எங் கால மடியில தூக்கி வெச்சிக்கிறான். அதுக்குத்தான் வாய மூடிக்கிட்டிருக்கேன். நீ இப்ப வந்து கெடுக்காத."

"அவன் பரீட்ச எழுதணும்டா. கடேசி தபா."

"எழுத வேணாம். நீ என் கால எடுத்த, நான் உம் மவன எடுத்துக்கிட்டேன். சரியாப் போச்சி."

எழுந்து நிற்க முடியாதவனை அடிக்கக் கை ஓங்கினேன். அவன் ஊன்றுகோலால் என் கணுக்காலை வாரினான். அவன் மேலேயே விழுந்தேன். அவன் என் தாடியைப் பிடித்து இழுத்தான், நான் அவன் குரல்வளையைப் பிடித்தேன், அவன் என் கட்டைவிரலைக் கடித்தான். உன் சித்தி வாசல் தெளிக்கக் கரைத்து வைத்திருந்த சாணித் தண்ணீரை எங்கள் இருவர் மேலும் கவிழ்த்தாள். "செத்துத் தொலைங்கடா ரெண்டு பேரும்! கெழட்டு நாயிங்களா! அந்தப் புள்ளய வுடுங்கடா" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சாணித் தண்ணீருக்குள் கிடந்து இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். "அவனுக்கு எழுதிப் போட்டுருவியா?" என்று கேட்டான். "போட்டுருவேன்" என்றேன். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆக, உன் மேல் குற்றத்தை வைத்தவன் நான். அது இல்லை என்று தெரிந்தும் எடுக்காமல் வைத்திருந்தவன் அவன். உன் இரக்கத்தை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தின்றோம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன், கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். போலீசுக்குப் போக வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போ, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இது என் சொந்தக் கையெழுத்து. ஆனால் தேர்வு எழுதிவிட்டுப் போ.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வரக்கூடாது. அவனைக் குளிப்பாட்டவும் முகம் வழிக்கவும் நான் போகிறேன். உன் சித்தியிடம் சொல்லிவிட்டேன், கத்தியும் தீட்டி வைத்துவிட்டேன். என் கையில் கத்தியைப் பார்த்த பிறகும் அவன் கழுத்தை நிமிர்த்திக் காட்டுகிறானா, இல்லை அதைப் பிடுங்கி என் கழுத்தில் வைக்கிறானா, எனக்குத் தெரியாது. இரண்டில் எது நடந்தாலும் அது எங்கள் இருவர் சங்கதி, உனக்கு அதில் பங்கில்லை. நீ சனிக்கிழமை மாலையே சேலம் போய்விடு. பென்சில் இரண்டு எடுத்துக்கொள். ஒன்பதரைக்கெல்லாம் ஹாலுக்குள் உட்கார்ந்திரு.

உன் அப்பன்